பரீட்சை அண்ணாச்சி

"மேடம், மருத்துவம் மற்ற படிப்புகளைவிடக் கஷ்டமா?"

ரெஜின் கேட்டான். கல்லூரியை விட்டு விலகுவதாக எழுதிய கடிதம் அவன் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

பேராசிரியர் உலகம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குக் கேக்கிற?"

"அக்கா சி.ஏ. படிக்கிறா. மூணு தடவை எழுதிட்டா. அவ படிப்புதான் கஷ்டம்ங்கிறா. மாமா பையன் கணக்கில ஆராய்ச்சி பண்றான். மருத்துவம் வெறும் மனப்பாடம்ங்கிறான்."

"நீ என்ன சொல்ற?"

"இதுதான் கஷ்டம்னா, நான் தோத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. இல்லைன்னா நான் மக்கு. எதுன்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டுடலாம்."

முந்தின நாள்தான் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "அடுத்த தடவை வாப்பா" என்று அவனை அனுப்பிவிட்டார்.

"எந்த நோயாளி?"

"நாலாம் கட்டில். பேச்சிமுத்து."

உலகம்மாள் சிரித்துவிட்டார். "நம்ம பரீட்சை அண்ணாச்சியா!"

பேச்சிமுத்து ஓர் அரிசி ஆலையில் காவலாளி. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போனவர். அந்தக் கோளாறின் சத்தம் அவர் மார்பில் அத்தனை தெளிவாகக் கேட்கும். அதனால் தேர்வு வரும்போதெல்லாம் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். பதினோரு வருடமாகத் தவறாமல் வருகிறார்.

"சத்தத்தைக் கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சேன் மேடம். மூச்சுத் திணறுது, அவரால மல்லாந்து படுக்க முடியலைன்னும் சொன்னேன். தேர்வாளர் கட்டிலைக் காட்டினார். அண்ணாச்சி ஜம்முனு படுத்திருந்தார். 'படுக்க முடியாதவர் எப்படிப்பா படுத்திருக்கார்?'னார். கூட இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார்னேன். அதுக்கப்புறம் கேட்டதுக்கெல்லாம் உளறினேன்."

உலகம்மாள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. கடிதத்தைப் பார்க்கவும் இல்லை. எழுந்து வார்டை நோக்கி நடந்தார். ரெஜின் பின்னாலேயே ஓடினான்.

பேச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்து, மடியில் வைத்த தலையணைமேல் கவிழ்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார்.

"வாங்க டாக்டரம்மா. இன்னைக்கும் பரீட்சையா? நானும் பதினோரு வருசமா எழுதுதேன், ஒருதடவகூட பெயிலாகலையே!"

"பரீட்சை இல்ல அண்ணாச்சி. எந்திரிங்க."

எழுந்து உட்கார்ந்தவருக்கு வெகுநேரம் மூச்சு வாங்கியது.

"எதுக்குப் படுத்தீங்க?"

"படுத்தாத்தானம்மா பிள்ளைகளுக்குச் சத்தம் நல்லாக் கேக்கும்? பல்லக் கடிச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் கெடப்பேன்."

"ராத்திரி?"

"உக்காந்தேதான் தூக்கம். ஒரு மாசமாச்சு."

உலகம்மாள் குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் என்றார், ஊசி என்றார். அது அவர் வழக்கமான குரலாக இல்லை.

ரெஜின் யாரும் சொல்லாமலே கட்டிலின் தலைமாட்டை உயர்த்திக்கொண்டிருந்தான்.

"உங்களை வரவழைச்சதே நான்தான். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா. மத்த பிள்ளைக போன வருசத்து நோட்டப் பாத்தே என் கதைய எழுதிட்டுதுக. இந்தத் தம்பி ஒருத்தர்தான் பக்கத்துல உக்காந்து கேட்டாரு. சொன்னேன். அவரும் அந்தப் பெரிய டாக்டர்கிட்ட அப்படியே சொன்னாரு."

பேச்சிமுத்து ரெஜினைப் பார்த்துச் சிரித்தார்.

"பொறவு அவரே, தப்பாச் சொல்லிட்டேன்னுட்டாரு. படிச்ச பிள்ள சொல்லுது, நமக்கு ஒண்ணுமில்ல போலன்னு நானும் சந்தோசமா இருந்துட்டேன்."