அசுரனுக்குச் சந்தேகம் வரக் கூடாது

ஏழுகரைப்பட்டி ஆனந்த நாடக சபாவில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது என்று அதன் உறுப்பினர்கள் மூன்று பேருமே சொல்வார்கள். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தலைவர் ஆவுடையப்பன். வேல் எறிகிற கதாநாயகன் சுடலைக்கண்ணு. மிச்ச வேஷமெல்லாம் பேச்சிமுத்து.

அசுரன் மட்டும் டி.வி.யில் வருவான். 1987-இல் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர், டி.வி.யோடு இணைக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சபாவுக்குக் கொடுத்து, பச்சை முகமும் உருட்டு விழியுமாக ஓர் அசுரனைக் கேசட்டில் செய்து தந்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் அசுரன் வாயைத் திறப்பான்; டி.வி.க்குப் பின்னால் உட்கார்ந்து ஆவுடையப்பன் மைக்கில் உறுமுவார். கூடப் பிறந்தவர்களோடுகூட அவர் அவ்வளவு ஒட்டுதலாய் இருந்ததில்லை.

இந்த வருஷம் கொடைக்கு நாலே நாள் இருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்டி புகைந்து அணைந்துவிட்டது. "அசுரன் இல்லேன்னா நாடகமே வேண்டாம். பாட்டுக் கச்சேரி வச்சுக்கிடுதோம்" என்றது கொடைக் கமிட்டி. ஆவுடையப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு, டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் செல்வராணியிடம் போனார். அவள் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பெட்டி போயிட்டு அண்ணாச்சி. கேசட் நல்லாத்தான் இருக்கு. விலை கம்மியா ஒரு குட்டி லேப்டாப் இருக்கு, அதுல ஒரு சாஃப்ட்வேர் போட்டு, கேசட்டுல உள்ள அசுரனையும் ஏத்தித் தாரேன். அது உங்க பழைய பெட்டி மாதிரியே நடிக்கும். அசுரனுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய பெட்டியிலதான் ஓடுதோம்னு நம்பிருவான்."

"நம்பலேன்னா தாயி?"

"நம்பலேன்னா ஓட மாட்டான்" என்று சிரித்தாள். "ஒண்ணை மட்டும் மறந்துராதீங்க. இதுல பேட்டரி ரொம்ப நேரம் நிக்காது. சார்ஜரைச் சொருகியே வையுங்க."

ஊருக்கு வந்ததும் சபா கூடியது. லேப்டாப் காதில் விழாதபடி மூவரும் வாசலுக்கு வெளியே போய் நின்று பேசினார்கள்.

"நடிக்கும்னா, வேஷம் போட வேண்டாமா?" என்றான் சுடலைக்கண்ணு.

"மொட்டை மூஞ்சியோட எந்த நடிகன்வே மேடை ஏறுவான்?" என்றார் ஆவுடையப்பன்.

பழைய பெட்டி பழுப்பு நிறம் என்பதால், லேப்டாப்பின் முதுகில் அரிதாரத்தைக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசினார்கள். கண் திருஷ்டிக்கு ஒரு மைப் பொட்டு.

"ஆனா அசுரன் எண்பத்தேழுல பிறந்தவன்" என்று பேச்சிமுத்து யோசனையாய்ச் சொன்னான். "செல்போன் மணி கேட்டா, இது எந்தக் காலம்னு கேப்பானே?"

ஆவுடையப்பனுக்கு வியர்த்தது. மூன்று செல்போன்களும் அரிசிப் பானைக்குள் போயின. காலண்டரைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்கள்.

"சார்ஜர்?" என்றான் சுடலைக்கண்ணு.

"பழசுக்கு வெள்ளை வயர். இது கறுப்பு வயர். பாத்த உடனே கண்டுபிடிச்சிருவான். பைக்குள்ள போடு" என்றார் ஆவுடையப்பன்.

கொடையன்று சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. லேப்டாப்பை மேடையில் இருந்த டி.வி.யோடு இணைத்து, மேடைக்குப் பின்னால் வைத்தார்கள். பச்சை முகம் வந்தது. விழிகள் உருண்டன. கூட்டம் 'ஓ'வென்று ஆர்ப்பரித்தது. ஆவுடையப்பனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமினார். சுடலைக்கண்ணு வேலை ஓங்கினான்.

அசுரன் வாயைத் திறந்தான். திறந்தவன் அப்படியே மறைந்துபோனான். டி.வி. இருண்டது.

"தெரிஞ்சுபோச்சு!" என்று அலறினார் ஆவுடையப்பன். மைக் கையில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. "யாருலே அவங்கிட்டச் சொன்னது?"

"நான் வாயே தொறக்கலை அண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து.

"நான் வேலைத்தான் தூக்கினேன். எறியக்கூட இல்லை" என்று சுடலைக்கண்ணு விம்மினான். "மனசு ஒடிஞ்சே போயிட்டான்."

மேடையில் மூவரும் டி.வி.யைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கதாநாயகன் அசுரனுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுவதை ஏழுகரைப்பட்டி அதுவரை பார்த்ததில்லை. முன்வரிசையில் பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

நாடகம் பார்க்க வந்திருந்த செல்வராணி தலையில் அடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். பையைத் துழாவிச் சார்ஜரை எடுத்துச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் டி.வி. வெளிச்சமாயிற்று. அசுரன் விட்ட இடத்திலேயே, பிளந்த வாயோடு வந்து நின்றான்.

சுடலைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை ஓங்கினான். ஆவுடையப்பன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"லேய், பாவி! இப்பதான் உயிர் பிழைச்சு வந்திருக்கான்!"

அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது. ஆவுடையப்பன் மைக்கை எடுத்து, "அசுரனுக்கு உடம்பு சுகமில்லாததால், வதம் அடுத்த கொடைக்குத் தள்ளி வைக்கப்படுகிறது" என்று அறிவித்தார். கமிட்டித் தலைவர் கவலையோடு எழுந்து நின்று, ஓர் இளநீரைச் சீவி மேடைக்கு அனுப்பினார்.

அசுரன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பேச்சிமுத்து உறிஞ்சுகுழலை டி.வி. கண்ணாடியில் வைத்துப் பிடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த ஆவுடையப்பன், "மெதுவா... மெதுவா... புரையேறிரும்" என்றார்.