அரசரைத் தெருவில் ஓடவிட்ட நாய்

பருவம் தவறாமல் மழை பெய்த ஒரு காலத்தில் செண்பகநாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மகிழமாறன் என்ற அரசர். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு புத்தி. காலையில் கொடுத்த பரிசை மாலையில் திருப்பிக் கேட்பார். போர் ஓய்ந்து வெகுநாளாகிவிட்டதால் உடம்பு கனத்துப்போயிருந்தது, தூக்கமும் போய்விட்டது. சபையில் யாராவது வழக்கைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து மேல்மாடத்தில் உலாவப் போய்விடுவார். வைத்தியர் தினமும் நடக்கச் சொன்னதற்கு, "காரணமில்லாமல் தெருவில் நடக்க அரசன் என்ன வழிப்போக்கனா?" என்று சீறினார்.

அப்படிப்பட்டவர் ஒருமுறை வெள்ளத்தைப் பார்வையிடப் போனார். ஆற்றில் ஒரு நாய்க்குட்டி அடித்துச் செல்லப்படுவதைக் கண்டதும், மற்றவர்கள் தடுப்பதற்குள் குதித்து அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்துவிட்டார். ஈரத்துணி மாதிரி சுருண்டு கிடந்த குட்டிக்குத் 'தென்றல்' என்று பெயரும் வைத்தார்.

வளர்ந்த பிறகல்லவா தெரிந்தது, வந்திருப்பது சூறாவளி என்று! திரைச்சீலையில் தொங்கி ஊஞ்சலாடியது. பூந்தோட்டத்தை உழுதுபோட்டது. கடைசியில் அயல்நாட்டுத் தூதரின் தலைப்பாகையைக் கவ்விக்கொண்டு சபையையே சுற்றிவந்தது. பாவம், தூதர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அரசருக்கு வந்ததே கோபம்! "அமைச்சரே, பௌர்ணமிக்குள் இதற்கு ஒரு வீடு பாருங்கள். கிடைக்காவிட்டால் காட்டில் விட்டுவிட வேண்டியதுதான்!"

காட்டில் சிறுத்தைகள் உண்டு. மனிதரோடு வளர்ந்த நாய் அங்கே ஒருநாள்கூடப் பிழைக்காது. அமைச்சர் பொன்னம்பலவாணர் அன்றே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். அந்த நாயிடம் அவருக்கு உயிர். அரண்மனை அதிகாரி குவளைராயருக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அமைச்சர் எப்போது சறுக்குவார், அந்த ஆசனத்தில் எப்போது உட்காரலாம் என்று காத்திருந்தவர் அவர்.

பொக்கிஷக்காரர் நாயை வாங்கிப்போய் வெள்ளிச் சங்கிலியில் கட்டிவைத்தார். அது பந்தலோடு சேர்த்துச் சங்கிலியை இழுத்துவந்துவிட்டது. பிறகு ஒரு மல்லர், "எங்கிட்ட விடுங்க, அடக்கிக் காட்டுறேன்" என்று தொடையைத் தட்டினார். மறுநாளே கண் சிவந்து வந்து நின்றார். "சாமி, எவனையும் மண்ணைக் கவ்வ வெச்சிருவேன். ஆனா இது என்னைக் கண்ணை மூடவே விடலியே!" என்று கயிற்றை அமைச்சர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

"என்ன அமைச்சரே, காட்டுக்கு வண்டி கட்டச் சொல்லட்டுமா?" என்று குவளைராயர் பல்லைக் காட்டினார்.

"அவசரப்படாதீர்கள் ராயரே, பௌர்ணமிக்கு இன்னும் பொழுது இருக்கிறது."

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, மனசு கிடந்து தவித்தது. அன்று சாயங்காலம் அமைச்சர் நாயோடு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். மேல்மாடத்தில் அரசர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். கீழே மதிலோரம் நாயும் அதேபோல் நடந்துகொண்டிருந்தது. அமைச்சர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அடடா! இதைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டையே இத்தனை நாளும் தேடியிருக்கிறேனே. இது இல்லாமல் தவிக்கிற வீட்டையல்லவா தேடியிருக்க வேண்டும்?" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை அரசர் பாதரட்சைகளைக் கழற்றிவைத்துவிட்டுப் பூஜைக்குப் போனபோது, அமைச்சர் சத்தமில்லாமல் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான். ரத்தினம் பதித்த பாதரட்சை ஒன்று நாயின் வாயில் இருந்தது. நாய் தெருவில் இருந்தது.

"பிடி! பிடி!" காவலர்கள் ஓடினார்கள். நாய் அவர்கள் கால்களுக்கிடையில் புகுந்து போயிற்று. பொறுக்கமாட்டாமல் அரசரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். அவர் நெருங்கும்வரை நாய் நிற்கும், கைநீட்டினால் ஓடும். கடைத்தெருவில் கத்திரிக்காய் விற்றவள், "என்னய்யா, எதிரி படை வருதா?" என்று அலறினாள். "இல்லம்மா, செருப்பு போகுது!" என்று பக்கத்துக் கடைக்காரர் வழிவிட்டார்.

ஏரிக்கரையில் ஒருவழியாகப் பிடித்துவிட்டார். புல்லில் விழுந்து மூச்சு வாங்கினார். நாய் அவர் முகத்தை நக்கியது. அரசர் சிரித்தார் பாருங்கள், கரையில் துணி துவைத்தவர்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். அரண்மனைக்குத் திரும்பி வயிறாரச் சாப்பிட்டவர், மறுநாள் விடியும்வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

விடிந்தால் பௌர்ணமி. சபை கூடியது.

"வீடு கிடைத்துவிட்டது மன்னா," என்றார் அமைச்சர். "வீட்டுக்காரரைப் பற்றித்தான் ஒரு சந்தேகம். ராயர் விவரம் தெரிந்தவர், அவரே சொல்லட்டும். அந்த மனிதர் ஓரிடத்தில் உட்காரமாட்டார். காரணமில்லாமல் சீறுவார். தாமும் தூங்கமாட்டார், பிறரையும் தூங்கவிடமாட்டார். நாய்க்குச் சரிப்படுவாரா?"

விட்டேனா பார் என்று குவளைராயர் எழுந்தார். "அவனெல்லாம் ஒரு மனிதனா? முதலில் அவனைச் சங்கிலியால் கட்டவேண்டும்! நாயோடு சேர்த்து அவனையும் காட்டில் விடுங்கள், மன்னா!"

"சரியான தீர்ப்பு!" என்று அரசர் தொடையில் தட்டிச் சிரித்தார். "யார் அந்தப் பைத்தியக்காரன்?"

"அபயம் தந்தால் சொல்கிறேன்."

"தந்தேன்."

"இதை ஆற்றிலிருந்து தூக்கிவந்தவர்தான், மன்னா."

குவளைராயரின் முகம் வெளிறிப்போனது. "மன்னா… நான்… அது…"

"காரணமில்லாமல் நடக்கமாட்டேன் என்றீர்கள்," என்று அமைச்சர் தொடர்ந்தார். "காரணம் இதோ வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்றுச் செருப்பைத் துரத்தியவரும் தாங்கள், அதன்பின் நிம்மதியாகத் தூங்கியவரும் தாங்கள்."

அரசர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. "என் கையாலே எடுத்த உயிரை நானே சிறுத்தைக்குப் போடச் சொன்னேனே! இது எங்கேயும் போகாது." பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "கயிற்றை அவிழ்த்தது யார்?"

"அடியேன்தான்."

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். "ராயரே, உமக்கும் ஒன்று உண்டு. நாளை முதல் நாய் முன்னால் ஓடும், நான் பின்னால் ஓடுவேன். நீர் எனக்குக் குடைபிடித்துக்கொண்டு ஓடிவாரும்!"

மறுநாள் அந்தக் காட்சியைப் பார்க்க ஊரே தெருவில் நின்றது. குடை ஒரு பக்கமும் ராயர் ஒரு பக்கமுமாகப் போனதைப் பார்த்து, சிரித்துச் சிரித்து ஜனங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.

ஓடிக் களைத்த நாய் சபைக்கு வந்து, அரசரின் பாதத்தில் தலையை வைத்துக் கண்ணயர்ந்தது. வாய்க்கால் வழக்கோடு வந்த விதவை ஒருத்தி, எப்போது அரசர் எழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் படபடவென்று பேசினாள். அரசர் குனிந்து பார்த்தார். காலை அசைக்கவில்லை.

"மெதுவாகச் சொல்லம்மா," என்றார் தணிந்த குரலில். "கடைசிவரை சொல். நான் எங்கேயும் போகவில்லை."