பனங்கொட்டைக்குள் கட்டுச்சோறு

அந்தக் காலத்தில், மரமும் ஓணானும் அடுத்த வீட்டுக்காரிகள் மாதிரி வாயாடிக்கொண்டிருந்த நாளில், தேரிக்காட்டுச் செம்மணலில் நெடியாள் என்று ஒரு பெண்பனை இருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு பயமும் கிடையாது. இடி விழட்டும், காற்று அடிக்கட்டும், நின்ற இடத்தில் நிற்பேன் என்பாள். நிற்கவும் செய்தாள்.

கவலை எல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான்.

அப்போதெல்லாம் எந்த விதையும் வெடித்த உடனே வேரைக் கீழே விட்டுத் தலையை மேலே தூக்கும். பனையும் அப்படித்தான். ஆவணியில் பழம் விழும். ஐப்பசி மழையில் கொட்டை வெடித்து, விரல் மாதிரி வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்க்கும். மார்கழி பிறந்ததும் வாடைக்காரி வந்துவிடுவாள். குளிரெல்லாம் அவள் கையில். குனிந்து குனிந்து முளைகளைக் கிள்ளுவாள். அவளுக்குத் தப்பின ஒன்றிரண்டைச் சித்திரையில் வெயிலான் வந்து பொசுக்கிவிடுவான்.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. கருகின முளைகளின் மேல் காற்று மண்ணை அள்ளிப் போட்டு மூடும். நெடியாள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். குனிய முடியாதவள் வேறு என்ன செய்வாள்? ஒரு தடவை தன் ஓலை ஒன்றைக் கழற்றி முளைக்கு மேலே போட்டுப் பார்த்தாள். காற்று அதை இழுத்துக்கொண்டு போய்க் கள்ளியில் செருகிவிட்டது.

பக்கத்தில் வேம்பு ஒருத்தி. அவள் பிள்ளைகள் அவள் நிழலிலேயே கொழுகொழு என்று நின்றன.

"பெத்தா மட்டும் போதுமா மைனி? பிள்ளைக்கு ஒரு நிழல் குடுக்க வேண்டாமா?" என்பாள் வேம்பு. "உன் நிழல் காலையிலே என் வாசலுக்கு வருது, சாயங்காலம் அடுத்த ஊருக்குப் போகுது. பெத்த பிள்ளை தலைக்கு மட்டும் வரமாட்டேங்குது."

"நிழல் இல்லாட்டா என்ன, எனக்கு வேற வழி கிடைக்கும். நீ உன் பிள்ளைக்கு மூக்கைத் துடை" என்பாள் நெடியாள். சொல்லிவிடுவாள். ஆனால் என்ன வழி என்று அவளுக்கே தெரியாது.

ஏழாம் வருஷம் மழை பொய்த்தது. நெடியாளுக்கு ஒரே ஒரு பழம். அதிலும் ஒற்றைக் கொட்டை. அது பழுத்து மணக்கிற நேரத்தில், அவள் தூரில் குடியிருந்த ஓணாச்சி என்கிற ஓணான் கீழே இறங்கி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ணுதே, வயித்தைத் தள்ளிக்கிட்டு?" என்று கேட்டாள் நெடியாள்.

"முட்டை இடப் போறேன் யக்கா. குழி பறிச்சு, இட்டு, மூடிட்டு வந்துருவேன்."

"பிள்ளையை மண்ணைப் போட்டா மூடுவே? செத்ததையில்லாடி மூடுவாங்க!"

ஓணாச்சி மூச்சு வாங்க நின்றாள். "மேலே வச்சா வெயிலான் அவிச்சுப்போடுவான். உள்ளே ஒரு சாண் போனா அவனும் கிடையாது, வாடைக்காரியும் கிடையாது. கையை விட்டுத்தான் பாரேன். ஓ, உனக்குக் கை இல்லைல்லா."

"கொழுப்பைப் பாரு. சரி, உள்ளே கிடக்கிறது என்னத்தைத் திங்கும்?"

"முட்டைக்குள்ளேயே கட்டுச்சோறு வச்சுத்தானே அனுப்புதேன். மஞ்சளா இருக்குமே. அது தீரும்போது பிள்ளை தானா வெளியே வந்துரும்."

நெடியாளுக்கு அன்று முழுக்க அதே யோசனை. ஆறு வருஷம் செத்த பிள்ளைகளை மண் மூடினதைப் பார்த்தவள், உயிரோடு ஒன்றை எப்படி அனுப்புவாள்? வெளிச்சத்தைக் காட்டாமல் பிள்ளையை இருட்டுக்குள் தள்ளினாள் என்று காடு பேசாதா? பேசட்டும் என்று முடிவு கட்டினாள். தன்னிடம் இருந்த தித்திப்பை எல்லாம் திரட்டி, கெட்டி ஓட்டுக்குள்ளே வைத்துக் கட்டினாள். பழம் விழுந்தது.

ஐப்பசியில் கொஞ்சம் தூறியது. கொட்டை வெடித்தது.

"அம்மா, தலையைத் தூக்கட்டுமா?"

"தூக்காதே. கீழே போ."

"கீழே வேருதானே போகும்?"

"வேரு மட்டும் இல்லைய்யா, நீயே போ. குளிரும் சூடும் எட்டாத இடம் வரைக்கும் போ."

"இருட்டா இருக்கேம்மா."

"என் வயித்துக்குள்ளே இருட்டாத்தானே இருந்துச்சு? பயந்தியா? சோறு மேலே ஓட்டுக்குள்ளே இருக்கு. அங்கே இருந்தே உறிஞ்சிக்கோ. போ, என் ராசா."

பிள்ளை தலைகீழாகத் திரும்பி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அதுவரைக்கும் எந்த மரத்தின் பிள்ளையும் செய்யாத காரியம் அது.

மார்கழியில் வாடைக்காரி வந்தாள். கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. வெறும் கொட்டைதான் கிடந்தது.

"எங்கே உன் பிள்ளை?"

"உனக்குத்தான் விரல் நீளமாச்சே, தேடிப் பாரு" என்றாள் நெடியாள். வாடைக்காரி மணலைத் தடவினாள். நாலு விரல்கடைக்குக் கீழே அவள் கை போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

சித்திரையில் வெயிலான் வந்தான். வந்த வேகத்தில் கொட்டை ஓடு படார் என்று பிளந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, சுத்தமாகக் காலி.

"இதுவும் போச்சு" என்று சிரித்தான் வெயிலான்.

நெடியாளின் ஓலை எல்லாம் தொங்கிப் போயிற்று. "ஓணாச்சி, ஓடு காலியா இருக்குடி..."

"சோத்துச் சட்டி காலியா இருந்தா என்ன அர்த்தம் யக்கா?" என்றாள் ஓணாச்சி மெதுவாக. "பிள்ளை சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம்."

நெடியாள் ஓலைகளை நிமிர்த்திக்கொண்டாள்.

வெயிலானுக்கு ஒரு சந்தேகம். தூரில் இருந்த ஓணாச்சியைப் பிடித்துக்கொண்டான். "ஏ, உள்ளதைச் சொல்லு. அது செத்துப்போச்சுதானே?"

வாயைத் திறந்தால் உண்மை விழுந்துவிடும் என்று ஓணாச்சிக்குப் பயம். தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினாள். மறுநாளும் கேட்டான். மறுநாளும் ஆட்டினாள். கோடை முடிகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மழை நன்றாகப் பெய்தது. நெடியாளின் காலடியில் மண் கீறி, மடக்கின விசிறி மாதிரி ஒரு பச்சைக் குருத்து வெளியே வந்தது. கீழே ஒரு முழத்துக்குக் கிழங்கு இறங்கியிருந்தது. வாடைக்காரி கிள்ளிப் பார்த்தாள், நகம்தான் வலித்தது. வெயிலான் அதன் தலைமேலேயே ஏறி நின்றான். குருத்து விசிறியை விரித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் நில்லு மாமா, இப்பதான் சூடு பிடிக்குது" என்றது.

வேம்பு எட்டிப் பார்த்தாள். "நிழலே இல்லாம எப்படி மைனி வளர்த்தே?"

"என் நிழல் மண்ணுக்குள்ளே இருக்கு" என்றாள் நெடியாள்.

மற்ற விதையெல்லாம் முளைத்த உடனே மேலே எட்டிப் பார்க்க, பனங்கொட்டை மட்டும் முதலில் கீழே இறங்குவது அன்றைக்குத் தொடங்கினதுதான். தை மாதம் கிழங்குக்கு நாம் ஆழமாகத் தோண்டுகிறோமே, அந்தப் பிள்ளை ஒளிந்த ஆழம் அது. கொட்டையை வெட்டி உள்ளே தித்திப்பாக, பஞ்சு மாதிரி இருக்கிற தவண் தின்கிறோமே, அந்தத் தாய் கட்டின சோறு அது. ஓணானுக்கு மட்டும் விஷயம் முடிந்துபோனது இன்னும் தெரியாது. வெயில் ஏறினால் போதும், வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுகிறது.