'நான் பார்த்துக்கிறேன்' என்ற யானை

அடுத்தவர் மனக்கவலையைக் கேட்பதில் யானை பொம்மியை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளில்லை. மானோ முயலோ வந்து அழுதால், காதைக்கூட ஆட்டாமல் கேட்பாள். வந்தவர்கள் பாரம் இறங்கிப் போவார்கள்.

அழ வருகிற கூட்டம் பெருகியது. காட்டுச் சபை கூடியது. "பொம்மி, நீ ஒருத்தி எத்தனை பேர் கதையைக் கேட்பாய்? இனிமேல் உன்னைப்போலக் கேட்க மற்றவர்களையும் பழக்கு!" என்றது. அப்படிப் பழக முதலில் வந்து சேர்ந்தவள் அணில் செவந்தி.

பொம்மிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? முயலிடம் பேசும்போது செவந்தி கொஞ்சம் தடுமாறினால் போதும், நடுவில் துதிக்கை நீளும்.

"நீ நகரு செவந்தி, நான் பார்த்துக்கிறேன்!"

முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும். செவந்தி ஓரமாய் உட்கார்ந்திருப்பாள்.

"பார்த்தியா? இப்படித்தான் பேசணும்!"

"பார்த்தேன் அக்கா" என்பாள் செவந்தி. வேறென்ன சொல்வாள், பாவம்!

அந்தச் சமயத்தில் மைனா ஒருத்தி வேடன் வலையிலிருந்து தப்பி வந்திருந்தாள். இறகுக் காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. ஏரிக்கரை மருதமரத்தின் அடிப்பொந்தில் ஒடுங்கிக் கிடந்தாள். அடைமழை பிடித்தது. ஏரித் தண்ணீர் மரத்து வேரைத் தொட்டுவிட்டது. வெளியே வராவிட்டால் மைனா மூழ்கிச் சாக வேண்டியதுதான்.

பொம்மி ஓடிவந்தாள். "நான் பார்த்துக்கிறேன்!" என்று துதிக்கையைப் பொந்துக்குள் விட்டாள்.

"ஐயோ, என்னைப் பிடிக்க வர்றாங்க!" மைனா அலறிக்கொண்டு இன்னும் உள்ளே போய் ஒண்டிக்கொண்டாள்.

பொந்துக்குள் அணிலால்தான் நுழைய முடியும். "செவந்தி, நான் சொல்றதை அப்படியே போய்ச் சொல்லு. 'பயப்படாதே, உன் வேதனை எனக்குப் புரியுது.' ஓடு!"

செவந்தி போன வேகத்தில் திரும்பி வந்தாள். "'யாரோ சொல்லிக் கொடுத்ததை வந்து ஒப்பிக்கிறியா, போ வெளியே'ன்னு கத்துறா அக்கா!"

பொம்மிக்கு எரிச்சல் வந்தது. அடுத்த வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் செவந்தியின் கால்கள் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தாள். இத்தனை நாளில் இவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லையே! பொம்மிக்குச் சீ என்று ஆகிவிட்டது. வசனத்தை விழுங்கினாள்.

"உள்ளே போனப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு. கழுகு துரத்தி, நான் ஒரு பொந்துக்குள்ள கிடந்தேனே, அந்த நாள் ஞாபகம் வந்துச்சு."

"அன்னைக்கு உனக்கு என்ன வேண்டியிருந்துச்சு?"

செவந்தி யோசித்தாள். "எல்லாரும் வெளியே வா, வெளியே வான்னு கத்தினாங்க. யாராவது பேசாம பக்கத்துல இருந்தா போதும்னு இருந்துச்சு."

"அப்போ இப்போ என்ன செய்யப் போறே?"

தண்ணீர் பொந்துக்குள் நுழையத் தொடங்கியது.

"நான் பார்த்துக்கிறேன் அக்கா!" என்று செவந்தி உள்ளே பாய்ந்தாள்.

சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று பொம்மிக்கு அதுவரை தெரியாது. துதிக்கை தானாகப் பொந்துப் பக்கம் நீண்டது. அதை இழுத்து வாயில் கவ்விக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. பிறகு மைனா விசும்புவது கேட்டது.

"நீயும் என்கூட வெளியே வருவியா?"

"உன் பக்கத்துலயே வர்றேன்!"

நனைந்த அணிலும் நனைந்த மைனாவும் சேர்ந்து வெளியே வந்தார்கள். மைனா ஒரு நொடி தயங்கினாள். பிறகு விருட்டென்று மேல்கிளைக்குப் பறந்தாள்!

"அடியே, அப்படி என்னதான் சொன்னே?" என்று கேட்டாள் பொம்மி.

"ஒண்ணும் சொல்லலை அக்கா. பக்கத்துல உட்கார்ந்தேன், அவ்வளவுதான்."

பிறரைப் பழக்கி ஆளாக்கும் பொறுப்பை ஏற்றவர் தன் திறமையைக் கொஞ்சம் அடக்கி வைத்தால்தான், அவர்களுடைய திறமை வெளியே வரும்.