பனிக்குள் நின்ற வாத்தியார்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் என் இரண்டு பல்லும் இந்த நிமிஷமே விழட்டும்.

பேச்சுக்கலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் குலசேகரன், மலைமேல் தனியே வாழ்ந்த பூரணத்தம்மாளிடம் குறையோடு போனார்.

“அம்மா, ஒரு பிள்ளைகூட என்னிடம் தங்கவில்லை. பெஞ்சுகளுக்குத்தான் பாடம் நடத்துகிறேன்.”

“கடைசியாகப் போனது யார்?”

செவந்தி என்றொரு பெண்ணாம். எழுப்பி நிறுத்தினால் வாயே திறக்கமாட்டாளாம். தெளிவாகச் சொல், விவரமாகச் சொல் என்று தினமும் அதட்டினாராம். ஒருநாள் நின்ற இடத்திலேயே அழுதவள், அப்புறம் வரவில்லை.

“நீர் எங்கே நின்றீர்?”

“மேடையில்தான்.”

அம்மாள் குடத்தை எடுத்தாள். இருவரும் சுனைக்கு நடந்தார்கள்.

பாதி வழியில் பனி இறங்கியது. அந்த மலைப் பனியை நீங்கள் பார்த்ததில்லை. காகம்கூட இறக்கையை மடக்கிக்கொண்டு நடந்துதான் போகும். வாத்தியாருக்குத் தன் மூக்கே தெரியவில்லை.

“அம்மா, எந்தப் பக்கம்?”

“தெளிவாகக் கேளும், வாத்தியாரே.”

“வழி சொல்லுங்கள்.”

“விவரமாக.”

அதோடு அம்மாளின் குரல் நின்றுவிட்டது.

ஊர் ஊராக மேடையில் முழங்கிய வாய். மலையே, மாதவமே என்று அடுக்கிப் பார்த்தார். பனி அத்தனையையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

உலகத்தில் தான் ஒருவர்தான் மிச்சம் என்று தோன்றியது. செவந்தி நின்ற மாதிரியே நின்றார்.

வெகுநேரம் கழித்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

“இடது காலுக்கு அடியில் கல் ஆடுகிறது. வலது கை ஈரப் பாறையில் இருக்கிறது. கீழே எங்கோ தண்ணீர் விழுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.”

ஒரு கை வந்து அவர் கையைப் பற்றியது. அம்மாள் அவ்வளவு நேரமும் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

“இப்போதுதான் காதில் விழுந்தது” என்றாள்.

வாத்தியார் அந்தக் கையை விடவில்லை.

“அம்மா, கிழக்கு அடிவாரத்தில், இடிந்த கிணற்றை ஒட்டி, ஓட்டுக்கூரையில் பூசணி படர்ந்த ஒரு வீடு இருக்கிறது. செவந்தி வீடு. அங்கே இறங்க எந்தப் பாதை?”

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், பக்கத்தில் நடந்துபோன காகம் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். என் பேரை மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்.