பாதிக் கோட்டு மாப்பிள்ளை

ஆவாரங்குப்பத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அருணகிரி சகோதரர்களைப் பார்ப்போம்.

அண்ணன் தம்பி மூன்று பேர். பந்தல், நாற்காலி, அண்டா, குண்டான் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார்கள். மூவருக்கும் மூளை ஒரே அளவு. அதனால் அந்த வீட்டில் சண்டையே வந்தது கிடையாது.

நாணயத்தில் மட்டும் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரர் பந்தல் வாடகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்தார். சகோதரர்கள் பாதிப் பந்தல் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை நிழலில் உட்கார்ந்தார், பெண் வெயிலில் உட்கார்ந்தாள். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது மூத்தவர் அருணகிரி நிதானமாகச் சொன்னார்: "காசு குடுத்த பாதி உங்களுது. குடுக்காத பாதி எங்களுது. அடுத்தவன் பொருள் நமக்கெதுக்கு?"

இவர்கள் வளர்த்த அக்கா மகன்தான் வைரக்கண்ணு. அவன் எப்படி இருப்பான் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வைரக்கண்ணுவுக்குப் பக்கத்து ஊர் பூங்காவனத்தின் மேல் உயிர். அவள் தையல் கடை வைத்திருந்தாள். பந்தல் துணி தைக்கப் போனவனிடம் "அளவு கொண்டாங்க" என்றாள். அவன் திரும்பிப் போய், மாமன்மார் மூவரையும் சேர்த்துக்கொண்டு, முழுப் பந்தலையும் காலோடு தூக்கி வந்து கடை வாசலில் நிறுத்தினான். பூங்காவனம் விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்பக் கெட்டிக்காரர்களாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்பா சபாநாயகம் கொஞ்சம் பந்தா பேர்வழி. "மூத்த மாப்பிள்ளை நிச்சயதார்த்தத்துக்கு மொர்வெல்லோ கோட்டு போட்டுக்கிட்டு வந்தாரு. அந்தப் பேரைச் சொல்லியே நான் மூணு வருஷம் நிமிர்ந்து நடந்தேன். இளைய மாப்பிள்ளையும் மொர்வெல்லோ கோட்டுலதான் வரணும். வர்றவங்க கண்ணுக்குப் பேரு தெரியணும். இல்லேன்னா தட்டு மாத்துற பேச்சே கிடையாது!"

வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மொர்வெல்லோ என்பது வெளிநாட்டுத் துணிக் கம்பெனி. அங்கே ஒரு கைக்குட்டை வாங்கவே வீட்டை விற்க வேண்டும் என்று பேச்சு. ஆனால் நிச்சயதார்த்தம் வைத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை, சென்னைக் கடையில் எல்லாமே பாதி விலை என்று அறிவிப்பு வந்தது. பூங்காவனம்தான் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"காலையில போய் வாங்கிட்டு, சாயங்காலம் ஆறரைக்குள்ள வந்துடுங்க. நான் சொல்றத அப்படியே செய்யுங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருங்க. பேரு வெளியில தெரியற கோட்டா பார்த்துப் புடிங்க. புடிச்சா விடாதீங்க, விட்டா வேற ஆளு தூக்கிட்டுப் போயிடுவான். போட்டுப் பார்க்காம வாங்காதீங்க. சரியா?"

"அப்படியே செய்யறேன்" என்றான் வைரக்கண்ணு. அப்படியே செய்தான், அதுதான் வினை.

சென்னையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் வட்டமாகத்தான் நடக்க முடியும். பெரிய மாமா பின்பக்கமாகப் போனார், சின்ன மாமா முன்பக்கமாக வந்தார், நடு மாமாவும் வைரக்கண்ணுவும் நண்டு நடை நடந்தார்கள். போகிற வழியில் ஓர் இளநீர் வண்டியையும் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரையும் இடித்தார்கள். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்கும்போதும் கண்ணை எடுக்கவில்லை. நால்வரும் தங்களுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாகத்தான் போலீஸ்காரர் நினைத்தார்.

மொர்வெல்லோ கடை இருந்த கண்ணாடி மாளிகையின் நகரும் படியில் பெரிய மாமா முதுகைக் காட்டிக்கொண்டே மேலே போனார். படி முடிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? மல்லாந்தவர் எதையோ பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் மெத்தென்று ஒரு துணி. வைரக்கண்ணு மாமாவின் முகத்திலிருந்து கண்ணை நகர்த்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தான். சிவப்புக் கோட்டு. நெஞ்சுக்குக் குறுக்கே, தங்க ஜரிகையில், உள்ளங்கை அகல எழுத்தில், மொர்வெல்லோ!

"மாமா! அதான்! விடாதீங்க!" என்று கத்தினான்.

பெரிய மாமா கோட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோட்டுக்குள் ஓர் ஆள் இருந்தார். அவர் மற்ற கையால் சல்யூட் அடித்து, "வாங்க சார், வணக்கம்" என்றார். அவர்தான் மாசிலாமணி, மொர்வெல்லோ கடை வாசலில் கதவு திறந்துவிடுகிறவர். அவருக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவர் மலை மாதிரி ஆள். அவருக்குத் தைத்த கோட்டைத்தான் ஒல்லி மாசிலாமணிக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே இன்னோர் ஆள் குடியிருக்கலாம்.

மாமன்மார் அங்கேயே நின்று ஆலோசித்தார்கள்.

"கோட்டுக்குள்ள ஆளு இருக்காரே?" என்றார் நடு மாமா.

"ஆளு இருக்கக் கூடாதுன்னு பூங்காவனம் சொல்லலியே" என்றார் சின்ன மாமா.

"அட, விட்டா வேற ஆளு தூக்கிட்டுப் போயிடுவான்னு சொல்லுச்சில்ல?" என்றார் பெரிய மாமா. "இவருதான் அந்த வேற ஆளு. தூக்கிட்டுப் போறதுக்குள்ள நாம வந்துட்டோம்."

எதற்கும் இருக்கட்டும் என்று நடு மாமா உள்ளே போய் மற்றக் கோட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாத்துலயும் பேரைக் காலருக்குள்ள தெச்சு ஒளிச்சு வெச்சிருக்கான். போடறவன் பிடரிக்குத்தான் தெரியும். இது ஒன்னுதான் நமக்கு ஆவும்."

இதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாசிலாமணியின் ஒரு கை பெரிய மாமாவிடம், ஒரு கை சல்யூட்டில். கதவைத் திறக்க ஆளில்லை. பணக்காரர்களுக்குத் தாங்களே கதவைத் தள்ளிப் பழக்கமில்லை. மேனேஜர் அம்மாள் ஓடி வந்தார்.

"சார், அது விற்பனைக்கு இல்லை. எங்க ஊழியரோட சீருடை."

"கடையிலுள்ள அனைத்தும் பாதி விலைன்னு போர்டு போட்டிருக்கீங்களே" என்றார் பெரிய மாமா. "இவரு கடையிலதானே இருக்காரு?"

மேனேஜர் அம்மாள் போர்டைப் பார்த்தார், மாசிலாமணியைப் பார்த்தார், வெளியே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். "மாசிலாமணி, கோட்டைக் கழட்டி இவங்ககிட்டக் குடுத்து அனுப்புங்க" என்றார்.

"முடியாதுங்கம்மா" என்றார் மாசிலாமணி. "வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க, கோட்டைக் கழட்டக் கூடாது, யார் சொன்னாலும் கழட்டக் கூடாதுன்னு."

"இப்ப நானே சொல்றேன்!"

"நீங்களும் யாரோ ஒருத்தர்தானேம்மா?"

மாமன்மார் மூவரும் மாசிலாமணியை மரியாதையோடு பார்த்தார்கள். இப்படி ஒரு தெளிவான மனிதரை அவர்கள் தங்கள் வீட்டுக்கு வெளியே அதுவரை சந்தித்ததில்லை.

போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாதே! போட்டுப் பார்க்கும் அறையில் 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்' என்று எழுதியிருந்தது. சின்ன மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. பெரிய மாமா, "ஒரு கோட்டுக்குள்ள இருந்தா ஒரு ஆளுதான்" என்று தீர்ப்பு சொல்லி, வைரக்கண்ணுவை மாசிலாமணியோடு உள்ளே தள்ளினார். வாடிக்கையாளர் கேட்டதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது என்பதும் மாசிலாமணிக்கு உத்தரவு. அவர் வலது கையை உருவி இடம் விட்டார். வைரக்கண்ணு அந்தக் கையில் நுழைந்துகொண்டான். கண்ணாடியில் பார்த்தால், ஒரு கோட்டு, இரண்டு தலை, பேர் பளபளவென்று தெரிந்தது. பூங்காவனம் தனக்குத்தான் என்று அவன் கண் கலங்கிவிட்டான். மாசிலாமணியும் அவனைப் பார்த்துக் கண் கலங்கினார்.

பில் போட்டார்கள், பாதி விலைக்கு. பெரிய மாமா பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்டார், "எந்தப் பாதிம்மா எங்களுது?"

"முழுக் கோட்டும் உங்களுதுதான் சார்."

"அதெப்படி? பாதிக்குத்தானே காசு குடுத்தோம்? குடுக்காத பாதியை நாங்க தொடமாட்டோம். அடுத்தவன் பொருள் நமக்கெதுக்கு?"

"பரவால்ல சார், எடுத்துக்குங்க!"

"எங்களப் பார்த்தா திருடன் மாதிரி தெரியுதா?" என்றார் பெரிய மாமா.

மறுபடியும் ஆலோசனை. மேல் பாதியை எடுத்துக்கொண்டால் பேர் முழுசாகக் கிடைக்கும் என்றார் சின்ன மாமா. ஜரிகையெல்லாம் நமக்கு, வெறும் கீழ்ப் பாதி அவருக்கா, அது தர்மமில்லை என்றார் நடு மாமா. கடைசியில் நெடுக்குவாட்டில் பிரித்தார்கள். வலது பாதி வைரக்கண்ணுவுக்கு, இடது பாதி மாசிலாமணிக்கு.

"அப்ப என் பக்கம் 'மொர்' மட்டும்தானே வருது?" என்று வைரக்கண்ணு பதறினான். "மொர்னு போய் நின்னா மாமனார் பொண்ணு குடுக்க மாட்டாரே!"

நால்வரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். "'வெல்லோ' வரணும்னா நானும் வரணும்" என்றார் அவர், ரொம்ப யோசித்து.

மேனேஜர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் போங்க. மாசிலாமணிக்கு இன்னிக்கு லீவு" என்றார். அவருக்கு யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆறரைக்குச் சபாநாயகம் வீட்டில் உறவுக்கூட்டம் நிரம்பியிருந்தது. வைரக்கண்ணு வலது காலையும் மாசிலாமணி இடது காலையும் எடுத்துவைத்து உள்ளே வந்தார்கள். சபாநாயகம் முதலில் பேரைத்தான் பார்த்தார். மொர்வெல்லோ! அவர் மீசை தானாக மேலே ஏறியது. பிறகு இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தார்.

"என்னய்யா இது, ரெண்டு தலை இருக்கு?"

வைரக்கண்ணுவின் நெஞ்சு அடித்துக்கொண்டதில் 'மொர்' ஆடியது.

"பதறாதீங்க சம்பந்தி" என்றார் பெரிய மாமா. "வலது பக்கம் மாப்பிள்ளை. இடது பக்கம் தள்ளுபடி."

சபாநாயகம் வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார். அந்த நேரம் பார்த்து மூத்த மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஆள் வந்தால் கதவைத் திறக்க வேண்டுமல்லவா? மாசிலாமணி வைரக்கண்ணுவையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து போய்க் கதவைத் திறந்து, இடது கையால் ஒரு சல்யூட் வைத்தார். கூட்டத்தில் ஒருவர், "மொர்வெல்லோ கம்பெனி ஆளே நேர்ல வந்திருக்காரு போல!" என்றார். இன்னொருவர், "மூத்தவருக்கு வெறும் கோட்டுதான் வந்துச்சு" என்றார்.

சபாநாயகம் திறந்த வாயை அப்படியே சிரிப்பாக மாற்றிக்கொண்டார். "தட்டை எடுங்கப்பா!" என்றார். பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தலையில் வைத்த பூ அவிழ்ந்து விழுந்தது. அதைப் பார்த்து வைரக்கண்ணுவுக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமலே மாசிலாமணியும் சேர்ந்து சிரித்தார்.

தட்டு மாற்றி முடிந்ததும் சபாநாயகம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தையில கல்யாணம். அன்னிக்கு மாப்பிள்ளை முழுக் கோட்டுல வரணும்."

"அதுக்கென்ன" என்றார் பெரிய மாமா.

மார்கழியில் மொர்வெல்லோ கடையில் மறுபடியும் பாதி விலை. சகோதரர்கள் போய் மீதிப் பாதிக்குப் பணம் கட்டினார்கள். ஆனால் கடைக்காரர்கள் அதற்கும் பாதிப் பணத்தைத்தானே வாங்கினார்கள்? ஆகவே மீதிப் பாதியிலும் பாதிதான் சொந்தமாயிற்று. கோட்டின் இடது கை இன்னும் மாசிலாமணியிடமே இருந்தது. மறுநாளும் போனார்கள். அந்தக் கையிலும் பாதி கிடைத்தது. அதற்கு மறுநாள் மணிக்கட்டு வரைக்கும் வந்தார்கள். தூரத்தில் இவர்கள் வட்டமாக வருவதைப் பார்த்ததுமே மேனேஜர் அம்மாள் பில் எழுதி வைத்துவிடுவார். ஏழாம் நாள் தள்ளுபடி முடிந்தபோது, மாசிலாமணிக்கென்று மிச்சமிருந்தது இடது மணிக்கட்டில் ஒரே ஒரு பித்தளைப் பொத்தான்.

தை மாதம் ஜாம்ஜாம் என்று கல்யாணம் நடந்தது. முழுப் பந்தல், முழு வாடகை. சிவப்புக் கோட்டில் வைரக்கண்ணு வலது கையால் பூங்காவனத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு மணவறையைச் சுற்றினான். அவனுடைய இடது மணிக்கட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணியும் சுற்றினார்.

வீடியோ எடுப்பவர், "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார்.

"கோட்டைக் கழட்டக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு" என்றார் மாசிலாமணி, பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.