வரிசையில் நின்ற செங்கற்கள்

அன்று ரேஷன் கடை வாசலில் வரிசையில் இருந்தவர்கள்: பதினொரு செங்கல், நான்கு ஓட்டைக் குடம், மூன்று ஒற்றைச் செருப்பு, ஒரு கிழிந்த பை. மொத்தம் பத்தொன்பது. தங்களுக்குப் பதில் இவற்றை இடம்பிடிக்க வைத்துவிட்டு, சனங்கள் வேப்பமர நிழலில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

புது ஆய்வாளர் அமிர்தகடேசன் ஜீப்பிலிருந்து இறங்கினார். “என்ன அலங்கோலம் இது! எல்லாத்தையும் அள்ளு” என்றார், கடை பெருக்கும் வெள்ளைத்தாயிடம்.

“ஐயா, அதெல்லாம் ஆளுங்க.”

“செங்கல் ஆளா? வெயில் தலைக்கு ஏறிடுச்சா? அள்ளுன்னா அள்ளு!”

அள்ளி மூலையில் குவித்தாள். கடை திறந்ததும் சனம் மொத்தமும் பாய்ந்தது.

“நான்தான் மொதல்ல!”

“நீ வந்ததே இப்பத்தானேடா!”

யாரோ வீசிய பை ஆய்வாளரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினார்: “ஏம்மா, அஞ்சு நிமிஷத்துல பழைய வரிசை வரணும். வரலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!”

“பழைய வரிசை எனக்குத் தெரியாதுங்க ஐயா. இங்க யாருக்குமே முழுசாத் தெரியாது” என்ற வெள்ளைத்தாய், கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அவங்கவங்க சாமானை எடுங்க. உங்களுக்கு முன்னால இருந்தவர் சாமானுக்குப் பின்னால வைங்க. அவ்வளவுதான்.”

சற்று நேரத்தில் பழைய வரிசை வளைந்து நெளிந்து வந்துவிட்டது. சண்டை ஓய்ந்தது.

“இதை முதல்ல ஒழுங்குபண்ணி வச்சது யாரும்மா?” ஆய்வாளரின் குரல் இறங்கியிருந்தது.

“நீங்க வர்ற வரைக்கும் யாரும் பண்ணலீங்க ஐயா. அதான் ஒழுங்கா இருந்துச்சு.”

சனம் சிரித்தது. வெள்ளைத்தாய் மூலையைப் பெருக்கப் போனாள். யாரும் தன்னுடையது என்று எடுக்காத ஒரு செங்கல் மட்டும் அங்கே கிடந்தது.

“ஐயா சொன்ன குப்பை இதுதாங்க” என்று தூக்கி வெளியே போட்டாள்.

பத்தொன்பதில் ஆளில்லாமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.